திமிங்கிலம் கொண்டுவந்த வலை

1998 பங்குனி மாதம் அது. முல்லைத்தீவுக்குத் தெற்கே அளம்பில் கரையோரம் கொட்டில் போட்டு இருந்தோம். கடற்படைக்குப் பயந்து ஆழ்கடலுக்கு எவரும் போவதில்லை. ஆள் போகாத கடலில் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்டவே வந்து மூச்சுவிடத் தொடங்கியிருந்தன. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. வலையை நம்பிச் சீவித்த எங்களுக்கு, வலையை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம்.

கரையை அண்டி மீன்பிடிக்கப் போன என் கணவர் நாலைந்து நாட்களாகத் திரும்பவில்லை. கடற்படை பிடித்திருக்கும் என்றார்கள். சுட்டிருக்கும் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. அடுப்பையும் மூட்டவில்லை.

ஒரு காலை பக்கத்துக் கொட்டில் பெண் ஓடிவந்தாள்.

“அக்கா, கரையில பெரிசா என்னவோ ஒதுங்கியிருக்காம். வாங்கோ.”

‘ஒதுங்கியிருக்கு’ என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. விழுந்தடித்து ஓடினேன்.

செத்த திமிங்கிலம். கிட்டப் போக முடியாத நாற்றம். ‘அப்பாடா, அவர் இல்லை’ என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதன் வாலில் வலை சுற்றிக்கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் வலை மிதவைகள் வருவதில்லை. பழைய இறப்பர் செருப்பை வெட்டித்தான் வலையில் கட்டுவோம். அந்த வலையில் கிடந்தது, அடுப்புத் தணல் பட்டுக் கருகிய என் நீலச் செருப்பின் துண்டு. அப்படியே மணலில் இருந்துவிட்டேன்.

கணவரின் தம்பி வலைக் கயிற்றின் நுனியை என் கையில் தந்தார்.

“அண்ணி, பாருங்கோ. இது தானா அறுந்தது இல்லை. கத்தியால வெட்டியிருக்கு. வெட்டேக்க அண்ணன் உயிரோட இருந்திருக்கிறார்.”

கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் கட்டியிருக்கும். வெட்டாவிட்டால் திமிங்கிலம் வள்ளத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த வலை அவருக்கு உயிர். ஒரு கண்ணி பிய்ந்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் முழு வலையையும் வெட்டி விட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். அவர் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

வலை போனால் போகட்டும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் கத்தியை எடுத்திருக்கிறார். அவரைப் பற்றி எனக்குக் கடைசியாகத் தெரிந்தது அது ஒன்றுதான், இத்தனை வருடமும் என்னை நடமாட வைத்திருப்பதும் அதுதான்.