தலை எண்ணும் நாளும் வெர்லீனும்

வெர்லீன் ஹட்சின்ஸ் முடி பின்னுகிறவள். எங்கள் தெருமுனையில்தான் அவள் கடை. ஒரு தலையைப் பின்னி முடிக்க அரை நாள் ஆகும், அந்த அரை நாளும் அவள் வாய் ஓயாது. எந்தப் பாதிரியாரின் பிரசங்கம் இழுவை, நகரசபையில் எவன் திருடன் என்பதற்கெல்லாம் அவள் நாற்காலியில்தான் தீர்ப்பு. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போவார்கள். அவள் சொன்னால் கேட்பார்கள். அதுவே வினையாகப் போயிற்று.

நான் பல்வர் தெருப் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். என் பெயர் நெட்டி. வெர்லீனின் மகள் கெசையா என் வரிசையில்தான் தட்டை நீட்டுவாள். ஒன்பது வயதாகியும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்துகள் தெரியும், சேர்த்துச் சொல்லச் சொன்னால் திணறிப்போய் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். எங்கள் பள்ளியில் ஓக்ஸ் என்று ஒரு உதவி டீச்சர் இருந்தாள். அவளும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அதே மேசைக்கு அடியில் நுழைந்து, கெசையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவாள். கெசையா வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர வெர்லீன் கடவுளிடம் வேறெதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

பள்ளியின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் கெசையாவின் வகுப்புக்கு நாலு ஆசிரியர்கள் மாறினார்கள். கூரைப் பலகை ஒன்று பெயர்ந்து என் சூப் பானைக்குள்ளேயே விழுந்தது. வெர்லீன் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை.

அந்தக் கோபத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வின்டல் வந்தான். ஊருக்குள் புதிதாகத் திறந்த பள்ளியின் ஆள். அரசாங்கப் பணத்தில் தனியார் நடத்துகிற பள்ளி. கடை நாற்காலியில் உட்கார்ந்து, பின்னுவதற்கு முடியே இல்லாத தலையை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அவள் சொல்வதை மட்டும் கேட்டான்.

"மிஸ் வெர்லீன், உங்க பொண்ணுக்கு எங்ககிட்ட ஒரு இடம் இருக்கு. நாங்க எந்தப் பிள்ளையையும் கைவிடறதில்ல" என்றான்.

அன்று சாயங்காலமே அவளோடு எனக்குச் சண்டை.

"ஏண்டி, அந்த இடத்துல ஓக்ஸ் டீச்சர் இருப்பாளா?"

"அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா ஒரு ஆளாம் நெட்டி. நீ உன் உருளைக்கிழங்க எண்ணிப் போட்டுக்கிட்டுக் கெட. படிப்பப் பத்தி உனக்கென்ன?"

"அவன் கோட்டப் பாத்து மயங்கிட்ட."

"ஆமா, மயங்கிட்டேன். உன் ஸ்கூலப் பாத்து யாராவது மயங்குவாங்களா?"

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வசந்தத்தில், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற கல்விக் குழுவின் கூட்டம் நடந்தது. யார் வேண்டுமானாலும் மைக்கில் இரண்டு நிமிஷம் பேசலாம். வின்டலின் ஆட்கள் வெர்லீன் உட்படப் பெற்றோர் எல்லாருக்கும் மஞ்சள் பனியன் மாட்டி, பஸ்ஸில் கூட்டிவந்திருந்தார்கள். வெர்லீனுக்கு இரண்டு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"பல்வர் தெரு ஸ்கூல் எப்பவோ செத்துப் போச்சு. பொதைக்கத்தான் மறந்துட்டீங்க!" என்றாள்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் தலைமை ஆசிரியர் ப்ரூயிட் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கோடையில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை எழும்பியது. வெர்லீன் சிரிக்கிறாள், கெசையா அவள் தோளில் சாய்ந்திருக்கிறாள். கீழே, 'என் மகளுக்கு இங்கே இடம் உண்டு'. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அவள் பின்னால் புதுப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபரின் முதல் புதன்கிழமை தலை எண்ணும் நாள். அன்றைக்கு எந்தப் பள்ளியில் எத்தனை தலை இருக்கிறதோ, அந்த வருஷத்துப் பணம் ஏறக்குறைய முழுக்க அதை வைத்துத்தான். மற்ற நாளில் வராத பிள்ளையைக்கூட அன்று பீட்சாவைக் காட்டி இழுத்துவருவோம். நாங்களும் செய்தோம், புதுப் பள்ளியும் செய்தது. ஆனால் அவர்களிடம் வெர்லீன் இருந்தாள். விடிந்ததும் தன் வேனை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்க் கதவைத் தட்டி, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி அள்ளிக்கொண்டு போனாள். கெசையாவுக்கு அன்று காய்ச்சல். அவளையும் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனாள். வாசலில் நின்ற வின்டலே குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனானாம். இதை என்னிடம் அவள் எத்தனை பெருமையாகச் சொன்னாள் தெரியுமா!

அந்த மாதம் முடிவதற்குள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கெசையா மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம், மற்ற பிள்ளைகளின் மதிப்பெண் கெடுகிறதாம். இந்தப் பள்ளி அவளுக்குப் பொருந்தவில்லை, நீங்களாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டால் நல்லது, இல்லையென்றால் அடிக்கடி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்கள்.

"காய்ச்சலோட தூக்கிட்டு வந்தேனே, அன்னிக்குப் பொருந்தினவ இன்னிக்கு எப்படிப் பொருந்தாமப் போனா?" என்று கேட்டிருக்கிறாள் வெர்லீன்.

"மிஸ் வெர்லீன், நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமானவங்க" என்றானாம் வின்டல்.

"நானா படிக்க வந்தேன்?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தானாம். காரியம் முடிந்தது, கழற்றிவிட்டான். தலைக்கு வந்த பணம் அவர்களிடமே தங்கிவிட்டது. தலை மட்டும் எங்களிடம் திரும்பி வந்தது.

ப்ரூயிட் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "சேத்துக்கறோம்மா. இது உங்க ஸ்கூல்தானே" என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓக்ஸ் டீச்சர் எங்கே என்று கெசையா கேட்டாள். தலை குறைந்ததும் முதலில் வேலை போனது ஓக்ஸுக்குத்தான். அதைக் கேட்டு வெர்லீன் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் கெசையாவின் தட்டில் உருளைக்கிழங்கை அள்ளி வைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் பள்ளியை மூடுவதா என்று ஓட்டெடுக்கக் கூட்டம் போட்டார்கள். அதே கூடம், அதே மைக். வெர்லீன் போனாள், இந்த முறை மஞ்சள் பனியன் இல்லாமல். வின்டல் செய்ததை அவள் சொல்லத் தொடங்குவதற்குள் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"மிஸ் ஹட்சின்ஸ், போன வருஷம் நீங்களே இங்க நின்னு, இந்த ஸ்கூல் செத்துப் போச்சு, பொதைக்க மறந்துட்டீங்கன்னு சொன்னீங்க. நாங்க உங்க பேச்சத்தான் கேக்கறோம்."

"அப்ப நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வாய் அடைத்துப் போயிற்று. இரண்டு நிமிஷம் முடிந்து மணி அடித்துவிட்டது. பள்ளியை மூடினார்கள். என் வேலையும் போயிற்று.

வாரக் கணக்கில் கடையைத் திறக்காமல் கிடந்தாள். பிறகு விசாரித்து, பக்கத்து ஊர் மருந்துக்கடையில் கல்லாவில் நின்றுகொண்டிருந்த ஓக்ஸைப் போய்ப் பார்த்தாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக்ஸ் வர ஆரம்பித்தாள். வெர்லீன் அவள் தலையைப் பின்னிவிடுவாள். பின்னி முடிந்ததும் ஓக்ஸும் கெசையாவும் கடை மேசைக்கு அடியில் புத்தகத்தோடு புகுந்துகொள்வார்கள்.

இப்போது கெசையாவுக்கு ஆற்றுக்கு அப்பால் பள்ளி. தினமும் வெர்லீன்தான் வேனில் கொண்டுவிடுகிறாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்ததால் கூடவே போகிறேன். போன வாரம் வின்டலின் ஆபீஸிலிருந்து எவளோ போன் செய்து, தலை எண்ணும் நாள் வருகிறதே, வேனோடு வர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். வெர்லீன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை நெடுஞ்சாலையில் நெரிசல். வேன் அந்த விளம்பரப் பலகைக்கு நேர் கீழே நின்றுவிட்டது. அதை இன்னும் அவர்கள் கழற்றவில்லை. வெர்லீன் எப்போதும் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பின் இருக்கையில் கெசையா கண்ணாடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்... மகளுக்கு... இங்கே... இடம்..." கொஞ்சம் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டாள். "உண்டு."

யாரும் சொல்லித் தராமல் அவள் வாசித்த முதல் முழு வாக்கியம் அது.

"அம்மா, நான் சரியா வாசிச்சேனா?"

வெர்லீன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தாண்டி கண்ணு வாசிச்ச" என்றாள். "நீ சரியாத்தான் வாசிச்ச."