பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன?

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். என் மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள் என்றதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அடுத்து எதில் சேர்ப்பது? சொல்வதற்கு எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் அவளையும் இழுத்துக்கொண்டு கிரிவலம் கிளம்பினேன். மலை சுற்ற வந்த வெளியூர்க்காரர்களில் படித்தவர்களாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டபடியே நடந்தேன். ஓர் அம்மா நர்சிங் என்றார். இன்னொருவர், "நர்சிங்லாம் வேணாங்க, பி.காம் போடுங்க" என்றார். மகள் நாலடி முன்னாலேயே போனாள். என்னோடு நடக்க அவளுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

பாதையில் அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டியதும் கண்ணாடி போட்ட ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "என் பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்லதாங்க இருக்கான். அவனுக்கு ஒரு வேலை கெடைக்கணும்னுதான் நானே சுத்தறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் மேல் பாய்ந்தேன். "ஊரே சொல்லுது, நீ வாயத் தொறக்க மாட்டியாடி? என்னதான் படிக்கப் போற?"

"எனக்கே தெரியலம்மா. அவங்க சொல்றதெல்லாம் காது குடுத்துக் கேட்டுட்டுதான் வரேன். நானா போய்க் கேக்க பயமா இருக்கு."

படிக்காததால்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அதுவரை என்னையே நொந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு வகுப்பு படித்தவளும் என்னைப் போலவே பயந்துகொண்டு நடக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எரிச்சல் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடுத்து ஒருவரை நான் நிறுத்தியபோது, அவளும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.