பூட்டிய கடைகளுக்கு உரிமம் எழுதியவர்

செல்வி யோகராணி இறந்த செய்தி ஐந்து நாள் பிந்தித்தான் எனக்குக் கிடைத்தது. பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போயிருந்த எங்கள் பிரதேச சபைக் கந்தோர்ப் பியோன் கந்தசாமி அண்ணை திரும்பி வந்து, சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, "செயலாளர் மிஸ் மோசம் போட்டா. ஆஸ்பத்திரியிலைதான். எரிச்சும் முடிஞ்சுதாம்" என்றார்.

"ஆர் கொள்ளி வைச்சது?"

"சரியாத் தெரியேல்லைத் தம்பி. பக்கத்துக் கட்டில்காரியின்ரை மருமோன் எண்டு கதைச்சினம்."



வன்னியில் கண்டி வீதியோரத்தில் இருந்த எங்கள் சந்தையில் கடை வைத்திருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓமந்தையில் பிறந்தவர். திருமணம் செய்யவில்லை. எழுதுநராகச் சேர்ந்து, பிரதேச சபைச் செயலாளராக உயர்ந்தவர். தேர்தல் நடக்காததால் எங்கள் சபைக்கு உறுப்பினர்கள் இல்லை. முடிவெடுப்பவரும் அவர்தான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நான் அவருக்குக் கீழே வருமானப் பரிசோதகராக இருந்தேன். கடைகளைப் பார்வையிட்டு உரிமத்துக்குச் சிபாரிசு எழுதுவது என் வேலை.

கிளிநொச்சியிலிருந்து போரால் இடம்பெயர்ந்த சனம் எங்கள் பக்கம் வந்து நிறைந்த காலம் அது. ஒரு கிணற்றில் நூறு குடும்பம் தண்ணீர் அள்ளியது. மாரி தொடங்கியதும் வாந்திபேதி வந்தது. முதலில் இறந்தவை குழந்தைகள். கிணறுகளுக்குப் போடக் குளோரின் தூள் போதாது, தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகும் ஈரம். சாப்பாட்டுக் கடைகளையும் தேநீர்க் கடைகளையும் உடனே மூட வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் எழுதித் தந்தார். சபையின் கட்டளையைக் கடை கடையாகக் கொண்டுபோனவன் நான்.

கடைசியாக லெட்சுமியின் கடைக்குப் போனேன். மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம். புருசனுக்கு ஒரு கால் இல்லை. தறப்பாள் விரிப்புக் கூரைக்குக் கீழே அவள் சுட்டு விற்ற தோசையில்தான் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "கடையப் பூட்டுனா நாங்க என்னத்தத் திங்கிறது, ஐயா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அதை அப்படியே செயலாளரிடம் சொன்னேன். "கடையை நாங்கள்தானே பூட்டினது. அப்ப பசியும் எங்கடை பொறுப்புத்தான்" என்றார். சந்தைக் கூரையைத் திருத்த ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து, மூடிய கடைகளுக்கு உதவிப் பணம் கொடுக்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். அதைக் கடனாகக் கொடுக்கலாமே என்றேன். "வாங்கின கடனே கட்டேலாமல் கிடக்குதுகள். அதுக்கு மேலை நாங்களும் ஏத்துறதோ?" என்று மறுத்துவிட்டார்.

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. கொடுக்கலாம், ஆனால் உரிமம் பெற்ற கடைகளுக்கு மட்டும். எங்கள் சந்தையில் அப்படி இருந்தவை நான்கு. லெட்சுமியின் கடையையும் சேர்த்து உரிமமில்லாதவை ஒன்பது.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மூடுவதற்கு முந்திய திகதியில் அந்த ஒன்பதுக்கும் உரிமம் எழுதலாம் என்ற யோசனை என்னுடையது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு ஆரும் கேட்டால்?" "கேக்க மாட்டினம், மிஸ்" என்றேன். சிபாரிசுகளை நான் எழுதினேன், அவர் கையொப்பமிட்டார். இரண்டு நாளில் வந்தவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்து முடித்தோம்.

கூப்பிட்டபோது மூன்று குடும்பங்கள் வரவில்லை. அவர்கள் ஏற்கனவே காட்டுப் பாதையால் வவுனியாப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். வேறொருவர் வாங்கிய பணத்தை மகளின் செத்தவீட்டுக்குச் செலவழித்தார். வாந்திபேதி அடங்கிச் சபை தடையை நீக்கியதும், லெட்சுமி தண்ணீர் நிறைத்து வைக்க மூடியுள்ள பரலும் மாவும் வாங்கிக் கடையைத் திறந்தாள். செயலாளர் நடந்துபோய் அங்கே பாலில்லாத ஒரு பிளேன்ரீ குடித்தார். "தண்ணி கொதிச்சதோ?" என்று கேட்டு, ஓம் என்ற பிறகுதான் வாயில் வைத்தார். அன்று அவர் சிரித்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

பதினொரு நாள் அந்தக் கடை நடந்தது. பன்னிரண்டாம் நாள் ஷெல் சந்தைக்குக் கிட்ட விழ, ஊரே எழும்பி நடந்தது. நாங்கள் கந்தோர்ப் பெட்டிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போகையில் வீதியில் மிச்சக் கடைக்காரர் எல்லாரையும் கண்டோம். அந்தச் சந்தை பிறகு திறக்கப்படவே இல்லை.

பெட்டிகளில் கிடந்த உரிமங்களை அடுத்த ஆண்டு ஒரு கணக்காய்வாளர் பார்த்தார். உரிமங்களின் திகதிகளும் பற்றுச்சீட்டு இலக்கங்களும் பொருந்தவில்லை. விசாரணை வந்தது. என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பூட்டியிருந்த கடையை எப்படிப் பரிசோதித்தீர் என்று விசாரித்தவர் கேட்டார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், மனைவி மூன்றாவதைச் சுமந்திருந்தாள். "மிஸ் சொன்னவா. நான் எழுதினனான்" என்றேன். செயலாளர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "பயப்படாதேயும். பிள்ளையள் இருக்கிற ஆள் நீர்" என்று மட்டும் சொன்னார்.

அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். நான் என் வேலையில் இருந்தேன். இடைநிறுத்தம் நீண்டது, ஓய்வு பெறும் வயதும் வந்தது, ஓய்வூதியம் வரவில்லை. வவுனியாவில் ஒரு வாடகை அறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சீவித்தார். ஓமந்தை வீடு அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். ஆனால் போர்முனையான அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை, வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

போன ஆண்டு பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். சிறுநீரகம் பழுது என்றார்கள். கை தடிபோல் மெலிந்திருந்தது. வவுனியா அகதி முகாமில் இருக்கும் எங்கள் கடைக்காரர் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "அதுகளுக்கு என்னைத் தேடுறதோ வேலை?" என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்குப் பதிலாக, "நாங்கள் செய்தது பிழையோ, மிஸ்?" என்று கேட்டேன்.

"பிந்திக் குடுத்தனாங்கள். அதுதான் பிழை."

நான் எழுந்து புறப்பட்டபோது என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மல்லாவிப் பக்கத்தில் அதே வேலைதான் என்றேன். "அப்ப உதவி கேட்டு வாற சனத்தை நிக்க வைச்சுக் கதையாதேயும். கதிரை குடும். பிறகு இல்லையெண்டு சொல்லும்" என்றார்.

இடைநிறுத்தத்துக்கு எதிராக அவர் செய்த மேன்முறையீட்டுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. விசாரணையில் நான் சொன்னதை இப்போது திருத்திச் சொல்லவும் கேட்பார் இல்லை. அவரை அறிந்தவர்களுக்காவது தெரியட்டும் என்றே இங்கே எழுதினேன்.

இந்த மாதம் எங்கள் பக்கத்தில் மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. காய்ச்சலால் கடையைப் பூட்டியவர்கள் உதவி கேட்டுக் கந்தோருக்கு வருகிறார்கள். எழுந்து, கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்கிறேன். அவர்கள் இருந்த பிறகு, இல்லை என்று சொல்கிறேன். செல்வி யோகராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான்.