கை வைக்கக் கூடாத வியாழக்கிழமை

ஸ்டுட்கார்ட்டில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றபோது, இனித் தேவைப்படாது என்று சிகிச்சையில் தவறு நேர்ந்தால் ஈடு கட்டும் என் தொழில் பொறுப்புக் காப்புறுதியை நானே நிறுத்திவிட்டேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்களை இலவசமாகப் பார்க்கும் தொண்டு நிலையம் ஒன்று எங்கள் பகுதித் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஜெர்மன் மருத்துவர் ஒருவர் வியாழக்கிழமைகளில் அங்கே வருவார். அவர் அனுப்புகிறவர்களுக்கு நான் பயிற்சி கொடுப்பேன். சம்பளம் வாங்காததால் அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளோடு வந்தார். அவளைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்த இடத்தில் பனியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்திருந்தது. மாவுக்கட்டு கழற்றுவதற்குள் பயணக் காப்புறுதி முடிந்துவிட்டது. கணுக்கால் இறுகிப் போயிருந்தது. மெதுவாக மடக்கி நீட்டிவிட்டேன். "உங்கட கை நல்ல சூடு, பிள்ளை" என்றார்.

அவர்கள் போனபின் கை கழுவிக்கொண்டிருந்தேன். நிலையத்துக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர், ஓய்வுக்குப் பிறகும் என் தொழில் அனுமதி செல்லுமா, காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டார். பேச்சுவாக்கில்தான் கேட்டார். காப்புறுதியை நிறுத்திவிட்டேன், அனுமதி பற்றி விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வீடு வரும் வழியில் ட்ராமில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

மறுநாள் காலையே சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓய்வு பெற்றாலும் அனுமதி போகாது, அது வாழ்நாள் முழுவதற்கும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் சிகிச்சை செய்யலாம் என்றும், காப்புறுதி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றும் சேர்த்துச் சொன்னார். மருத்துவர் எனக்கு வாயால்தான் சொல்லி அனுப்புவார். நிலையத்தின் காப்புறுதியோ மருத்துவர்களையும் தாதியரையும் மட்டுமே உள்ளடக்கியிருந்தது. என்னைச் சேர்க்க விண்ணப்பித்திருப்பதாகவும், பதில் வரும்வரை யார்மேலும் கை வைக்க வேண்டாம் என்றும் பொறுப்பாளர் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மா மகளோடு வந்தபோது கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இன்று வாயால் மட்டும்தான் சொல்லித்தருவேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு நாளாகக் கால் பாரமாக இருக்கிறது என்றார். சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். கெண்டைக்கால் வீங்கி மினுங்கியது. மற்றக் காலைவிட நன்றாகப் பருத்திருந்தது.

தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருத்துவரைக் கூட்டிவந்தேன். இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். "காப்புறுதி இல்லாமல் அங்க போக ஏலாது" என்று அந்த அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார். அவசரம் என்றால் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நான் தமிழில் சொல்லிச் சொல்லி எழுப்பவேண்டியிருந்தது.

அம்புலன்ஸ் வந்து தாயை ஏற்றும்போது மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, போன கிழமை நீங்கள் காலைப் பிடிச்சு மடக்கினதாலயோ இது?"

கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டாள்.

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை. ஆனா டொக்டரிட்டக் கேளுங்கோ. நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லுங்கோ" என்றேன்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. நான் மடக்கி நீட்டிய அன்று வீக்கம் இருந்ததா, சூடு இருந்ததா என்று மனதுக்குள் அந்தக் காலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. நினைவு எனக்குச் சாதகமாகப் பேசுகிறதோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. தொலைபேசி அடித்தால் கணவரை எடுக்கச் சொன்னேன். அந்த அம்மா பிழைக்க வேண்டும் என்று வேண்டும்போதே, என்மேல் வழக்கு வராமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டியது கூச்சமாக இருந்தது.

கடைசியில் மகளே என்னை அழைத்தாள். கட்டி நுரையீரலுக்குப் போகவில்லை, மருந்து கொடுத்திருக்கிறார்கள், அம்மா சாப்பிடுகிறார். கால் மாவுக்கட்டுக்குள் கனகாலம் அசையாமல் கிடந்ததுதான் காரணம் என்று ஆஸ்பத்திரி மருத்துவர் சொன்னாராம். மடக்கி நீட்டியதால் வந்ததல்ல என்றாராம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றாள். கேட்டது சரிதான் என்று சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதேன்.

என்னைக் காப்புறுதியில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்த நாளிலிருந்துதான் அது செல்லும் என்று பொறுப்பாளர் சொன்னார். முந்தைய வியாழக்கிழமைகளுக்கு யாரும் பொறுப்பில்லை. நானும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

தை மாதக் கடைசியில் அந்த அம்மா தடியூன்றி வந்தார். மருத்துவர் இம்முறை எழுதிக் கொடுத்திருந்தார். அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு இரு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்து, அளவுநாடாவால் அளந்து, வலி எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லை. பயப்பிடாமல் பிடியுங்கோ, பிள்ளை" என்றார்.

பயத்தோடுதான் பிடித்தேன்.