சித்தூரில் லைசென்ஸ், திருப்பதியில் டயாலிசிஸ்: ஒரே நாளில் இரண்டும்

காட்பாடியை விட்டுச் சித்தூருக்குக் குடிவந்து பதினோரு மாதமாகிறது. மாங்கூழ்த் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அதாவது ஐயாயிரம் டிரம்களுக்குச் சக்கரவர்த்தி. மனைவி செல்விக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடம் கிடைத்ததோ எழுபது கிலோமீட்டர் தள்ளித் திருப்பதியில். ஒருநாள் திரும்பும்போது பஸ்ஸில் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுவாரமே மச்சானின் பழைய காரை வாங்கிவிட்டேன். அவனே ஓட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

என் வேலூர் லைசென்ஸ் காலாவதியாகி ஆறு வருஷம். ஆகவே ஆந்திர தேசத்தின் மீது படையெடுத்தேன். நம் பக்கத்திலிருந்து வருபவர்கள் முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது.

போன திங்கள், காலை 8.10. ஷேர் ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே உள்ள நெட் சென்டரில் விண்ணப்பம் போட நானும் செல்வியும் உட்கார்ந்தோம். கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார்.

"கண்ணு பாகுண்டா அண்ணா?"

"கழுகு."

"ராத்திரில தெரியுதா?"

"ஆந்தை என்கிட்ட டியூஷன் படிக்கும்."

"மயக்கம், தலசுத்தல், வலிப்பு? எல்லாம் நோ கொட்டேஸ்தா, போட்டுடறேன்."

நான் கட்டணத்துக்குப் பர்ஸைத் திறந்தேன்.

"நிறுத்துங்க சார்," என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பினாள். "போன வெள்ளிக்கிழம பாத்ரூம் செவுத்தப் புடிச்சிக்கினு நின்னியே, அது இன்னா?"

"பூமி சுத்துதான்னு செக் பண்ணிக்கினு இருந்தேன்."

"யோவ், தமாஷ் வேணாம். எத்தினி தபா?"

"மூணு." ஒருமுறை கோடவுனில், டிரம்களுக்கு நடுவே. யாரிடமும் சொல்லவில்லை.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, எஸ் போட்டா அப்ளிகேஷன் நின்னுபூடும். எல்லாரும் நோ தாம்மா போடறாங்க."

"எல்லாரும் பக்கத்துல என்னிய ஒக்கார வச்சிக்கினு ஓட்டல சார். எஸ் போடுங்க."

போட்டார். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் நகராது என்று நின்றுவிட்டது. சேஷாசல மலையே ஒதுங்கி வழிவிடும் என்று நான் பீற்றிக்கொண்ட டிரைவிங் அந்த ஒரு கட்டத்தில் முடிந்தது.

10.15-க்குத் திருப்பதி பஸ். இரண்டு மணி நேரம். எனக்கு நூற்றிருபது ரூபாய். ஆந்திர முகவரி வந்துவிட்டதால் செல்விக்குப் பெண்களுக்கான இலவச ஜீரோ டிக்கெட். லைசென்ஸுக்காக அலைந்ததில் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

ஒரு மணியிலிருந்து ஐந்து வரை அவள் மெஷினில். அந்த நேரத்தில் அதே கட்டடத்தில் இதய டாக்டரைப் பார்த்தேன். முந்நூறு ரூபாய். துடிப்பு இடையிடையே தவறுகிறதாம். ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதாம். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

"உலகத்துலயே பலமான இதயமாம்," என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தினி மாசம்?"

"ஆறு."

"சரி. பஸ்ல வெயில் படாத சைடா பாத்து எடம் புடி."

போகிறவர்களுக்கு: அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். நாற்பது வயது தாண்டியிருந்தால் டாக்டர் சான்றிதழை முன்பே வாங்குங்கள். விண்ணப்பத்தில் உடம்பைப் பற்றிக் கேட்கும் பக்கம் வரும்போது, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5.40 பஸ்ஸில் திரும்பினால் இடதுபக்கம் உட்காருங்கள், வெயில் வராது.

கார் வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பேட்டரி சாகாமலிருக்கப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். செல்வி வந்து பக்கத்தில் உட்காருவாள். சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்வாள். பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு இறங்கி உள்ளே போவோம்.