திராட்சைக் கலர் ஊற்றித்தான் காய்ச்சுகிறேன்

முதலில் மன்னிப்பு.

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். கோழி சுடுவதுதான் தொழில் என்பதால் கையும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது போல. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மூன்று வருஷமாக வாராவாரம் வருகிற இந்தப் பக்கத்தைப் பத்திரிகை ஆசிரியர்தான் எழுத்துக்கூட்டிப் படித்து, திருத்திப் போடுகிறார். இந்த வாரம் அவருக்கு வேலை கொஞ்சம் ஜாஸ்தி. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறேன். கோபத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து. நான், என் மனைவி அஞ்சலை, கடையில் எனக்குக் கூடமாட வேலை பார்க்கிற அவள் தம்பி ரவி, மூன்று பேரும் போயிருந்தோம். கோயிலில் வைத்துக் காது குத்தியதால் சைவச் சாப்பாடு. ரவிக்கு அது சாப்பாட்டிலேயே சேர்த்தி இல்லை.

"மாமா, சாம்பார்ல கை நனைச்சதெல்லாம் சாப்பாடா? வாங்க, பஸ் ஸ்டாண்டுகிட்ட புதுசா ஏசி ஹோட்டல் ஒண்ணு வந்திருக்கு."

எனக்கு ஏசி ஹோட்டல் என்றாலே கூச்சம். கண்ணாடிக் கதவை இழுப்பதா, தள்ளுவதா? அந்தக் குழப்பத்திலேயே பாதிப் பசி போய்விடும். ஆனால் கதவை இழுக்க ஒரு ஆளே நின்றார். போனோம்.

மெனு கார்டை ரவி சத்தமாகப் படித்தான். "கிரில் சிக்கன் வித் ஹவுஸ் ஸ்பெஷல் பார்பிக்யூ சாஸ். ஒரிஜினல் அமெரிக்கன் ரெசிபி."

வந்தது. கோழியைப் பிய்த்து, சாஸில் தொட்டு, நாக்கில் வைத்தேன்.

என் சாஸ்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், சாயங்காலம் ஆனால் சவுக்குக் கரி போட்டுக் கோழி சுடுகிறவன் நான். கோழியைவிட என் சாஸுக்குத்தான் கூட்டம் வரும். இனிப்பு, புளிப்பு, காரம், கொஞ்சம் புகை... விரலில் ஒட்டும். அந்த ருசியை வேறு எங்கே வைத்தாலும் என் நாக்குக்குத் தெரியாதா?

அஞ்சலையைப் பார்த்தேன். அவளும் மெல்வதை நிறுத்திவிட்டாள். ரவியைப் பார்த்தேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்..."

"மாமா, போன வருஷம் நம்ம கடைக்கு இந்த ஹோட்டல் முதலாளி அடிக்கடி வருவாரு. கலெக்டர் ஆபீஸ் வேலையா வரப்பல்லாம். சாஸ்ல இன்னா போடுறீங்கன்னு கேட்டாரு. நல்ல மனுஷன் மாதிரி இருந்தாரு..."

"சொல்லிட்டியா?"

"திராட்சைக் கலர் ஊத்துவோம்னு சொன்னேன்."

"அளவு?"

"அதையும் கேட்டாரு மாமா."

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வாய்க்கு ஒரு மூடி போட ஆள் இல்லியாடா!"

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷமாகக் குடையைப் பற்றி எழுதினேன், காக்காயைப் பற்றி எழுதினேன், மாமனார் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பற்றிக்கூட எழுதினேன். சாஸைப் பற்றி மட்டும் எழுதியதே இல்லை. ஏன்? வெட்கம். அது திராட்சைக் கலர் ஊற்றிக் காய்ச்சுவது. நம்ம பக்கத்துப் பெட்டிக் கடையில் கண்ணாடி பாட்டிலில் விற்கிறதே, பிரியாணி தின்றால் ஜீரணத்துக்குக் குடிப்போமே... அந்தக் கறுப்புக் கலர்தான்.

அது எப்படி வந்தது தெரியுமா?

பரங்கிப்பேட்டை ஹமீது பாய் சிங்கப்பூரில் ஹோட்டல் வேலை பார்த்தவர். லீவில் வந்தபோது பார்பிக்யூ சாஸ் ஒரு பாட்டில் கொண்டுவந்து, "இத மாதிரி ஒண்ணு பண்ணுங்களேன்" என்றார். நானும் செய்தேன். வெல்லம் போட்டால் பாயசம். புளி போட்டால் குழம்பு. மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை.

அப்போது ஒருநாள் ஏதோ ஆபீஸிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவருக்கு ரிட்டயர்மென்ட் பார்ட்டி. நம்ம ஊரில் ஒரு வழக்கம் உண்டே, மரியாதைப்பட்டவர்களுக்குக் கலரை மூடியோடு நீட்டக்கூடாது. திறந்துதான் கையில் கொடுக்க வேண்டும். மூடியோடு கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லட்டும் என நாம் எதிர்பார்ப்பது போல ஆகிவிடும். நான் கேட்கவே இல்லை. வரிசையாக எட்டு பாட்டிலையும் ஓப்பனரால் திறந்து வைத்துவிட்டேன்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, எனக்கு சுகர்."

பக்கத்தில் இருந்தவர், "எனக்கும்."

எட்டுப் பேருக்கும் சுகர்!

அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். எட்டு பாட்டிலும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கேஸ் போன கலரை யார் குடிப்பார்கள்? கொட்ட மனசு வரவில்லை. கொதித்துக்கொண்டிருந்த புளிக்கரைசலில் அவற்றில் ஒன்றை ஊற்றினேன். நுரை பொங்கி அடுப்பை அணைத்தது. அஞ்சலை திட்டினாள். நுரை அடங்கிய பிறகு அவளே விரலால் தொட்டு நக்கினாள். திட்டு நின்றுவிட்டது.

அன்று முதல் அதுதான் என் சாஸ். ஆனால் காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டி வண்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். யாராவது கேட்டால், "மசாலாங்க" என்பேன்.

சரி... ஹோட்டலுக்கு வருவோம்.

கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் பில்லை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அஞ்சலை பின்னாலிருந்து முதுகில் ஒரு இடி இடித்தாள்.

"சார்... சாஸ்..."

"ஜாஸ்தி காரமா இருந்துச்சா?"

"இல்ல சார். அது என்னுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை.

"அட, மஞ்சக்குப்பம் வண்டிக்காரரா? உக்காருங்க. உங்களுதுன்னா இன்னா அர்த்தம்? எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா? பேப்பர்ல வந்திருக்கா?"

கையிலிருந்த பில்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"எங்க செஃப் கேட்டரிங் காலேஜ் முடிச்சவரு. அவரு எழுதி, லேமினேஷன் பண்ணி, கிச்சன்ல மாட்டியிருக்காரு. எழுதுனவன் பேருலதாங்க எதுவும் நிக்கும்."

ரவி குறுக்கே வந்தான். "சார், நான்தானே உங்களுக்குச் சொன்னேன்?"

"சொன்னீங்க. யாரு இல்லன்னா? வாயால சொன்னது காத்துல போயிடும் தம்பி." பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைக் குறைத்தார். "கோவப்படாதீங்க. நம்ம செஃப்புக்கு உங்க பக்குவம் முழுசா வரல. நீங்களே காய்ச்சி வாராவாரம் கேன்ல அனுப்புங்க. நல்லா கவனிச்சுக்கிறேன். ஒரே கண்டிஷன்... கலர்னு வெளிய வாயத் தொறக்கக் கூடாது. அமெரிக்கான்னு போட்டதாலதான் ஜனம் ஏசியில வந்து திங்குது. பெட்டிக் கடைக் கலர்னு தெரிஞ்சா மானம் போயிடும். உங்களுக்கும்தான்."

உங்களுக்கும்தான்.

அந்த ஒரு வார்த்தைதான் தைத்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. அவர் அமெரிக்கா என்று எழுதி மறைக்கிறார். நான் சாக்கில் கட்டி மறைக்கிறேன். என்ன பெரிய வித்தியாசம்?

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன். ஆமாம், அவ்வளவுதான் சொன்னேன். நான் பெரிய வீரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பஸ்ஸில் ரவி பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் அஞ்சலை ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேப்பர்ல வந்திருக்கான்னு அந்த ஆளு கேட்டப்ப இன்னாத்துக்கு வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு நின்னீங்க? வாராவாரம் வருதே!"

"சாஸைப் பத்தி வரலியே அஞ்சலை."

"ஏன் வரல? காக்காவப் பத்தி எழுதத் தெரிஞ்ச கைக்கு இத எழுதத் தெரியலியா?"

"கலர்னு எழுதணுமே..."

"எழுதுங்க. கலரு இன்னா சாராயமா? நம்ம வூட்டுக்கு சம்பந்திங்க வந்தப்ப அதத்தானே வாங்கிக் குடுத்தோம்? அப்ப மானம் போகல. குழம்புச் சட்டியில ஊத்துனா போயிடுமா?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

நேற்று, திங்கட்கிழமை, கடை போடும்போது சாக்கை அவிழ்த்தேன். காலி பாட்டில்களைத் துடைத்து வண்டி முன்னால் வரிசையாக அடுக்கினேன். ரவி ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினான்: 'திராட்சைக் கலர் ஊற்றிக் காய்ச்சிய சாஸ்.' பாவம், அவன் கணக்கைத் தீர்க்க அவனால் முடிந்தது அது.

தினமும் வருகிற ஒருவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இத்தினி நாளா கலரையா ஊத்துன? நாளைக்கு சோடா ஊத்தி சாம்பார் வெப்பியா?"

"நல்லா இருந்தா வெப்பேன் சார்."

சொன்னது நான்தான்! சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். அவர் வாங்காமல் போய்விட்டார். அவரோடு வந்தவர் மட்டும் நின்று, ஒரு முழுக்கோழி வாங்கி, "சாஸ் தனியா இன்னும் கொஞ்சம் கட்டுங்க" என்றார். இரண்டு பேருமே போயிருந்தாலும் நான் அட்டையைக் கழற்றியிருக்க மாட்டேன். இது சத்தியம்.

சிதம்பரத்துக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். கேன் கிடையாது, கண்டிஷனும் கிடையாது.

"நஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. இருக்கட்டும்.

எழுதினவன் பேரில்தான் நிற்குமாம். சரி, எழுதுகிறேன். எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைக் கலர் நான்கு பாட்டில். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். கேஸ் போகட்டும். அவசரப்பட்டால் என்னைப் போல அடுப்பைக் கழுவுவீர்கள். பிறகு சின்னத் தீயில் வைத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட விடுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துச் சேருங்கள். ஊறவைத்த காய்ந்த மிளகாய் பத்து, ஒரு முழுப் பூண்டு, இரண்டையும் மைய அரைத்து ஊற்றுங்கள். தேவைக்கு உப்பு. கடைசியில் மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

அப்புறம் ஒன்று. இரண்டு கை சின்ன வெங்காயமும் நான்கு தக்காளியும் வேண்டும். இவற்றை வாணலியில் வதக்காதீர்கள். சவுக்குக் கரித் தணலில் போட்டுத் தோல் கருகச் சுட்டு, உரித்து, அரைத்துச் சேர்த்து, கரண்டியில் ஒட்டும்வரை கிளறுங்கள். புகை வாசம் வருவது அதில்தான். ரவி கடைக்கு வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும், அதனால் அவனுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் தின்ற சாஸில் இல்லாததும் அதுதான்.

சிதம்பரத்து செஃப்பும் எடுத்துக்கொள்ளலாம். லேமினேஷன் பண்ணி மாட்டட்டும், எனக்குச் சந்தோஷம். அமெரிக்கா என்பதை மட்டும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா என்று கேட்டாரே... இதோ, என் கையாலேயே, பிழையோடு, தேதி போட்டு:

மஞ்சக்குப்பம், செவ்வாய்க்கிழமை, 15 ஜூன் 2010.