தமக்கை பெயருக்கு வந்த பிராங்குக் காசோலை

இந்நாளில் அயல்நாட்டுப் பணம் ஓசையின்றிக் கைப்பேசிக்குள் வந்து சேர்கிறது. என் பத்தாம் அகவையில் அது நீல உறைக்குள் காசோலையாக வந்தது. அதுவும் என் தமக்கையின் பெயருக்கு வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை அமைவது அந்நாளைய புதுச்சேரியில் பெரும்பேறு. ஒளிப்படத்தில் மட்டுமே நாங்கள் கண்டிருந்த ஒருவர், தமக்கையின் கடவுச்சீட்டுக்கும் விமானச் சீட்டுக்குமாகப் பாரிசிலிருந்து பிராங்குகளை அனுப்பியிருந்தார். ஆசிரியர் பயிற்சியில் எஞ்சிய ஓராண்டை முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவள் இருமுறை கேட்டாள். தந்தை செவிகொடுக்கவில்லை. எனக்கோ அவள் அப்படிக் கேட்டதே செருக்காகப் பட்டது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே அவளைப் 'பாரிசு மதாம்' என்று அழைத்தது. வங்கியில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கினார்கள். எனக்கு வழக்கம்போல அவளுடைய பழைய பாவாடைகள் வந்தன.

“எனக்கும் ஒரு செக்கு அனுப்பச் சொல்லுப்பா.”

“உனக்கு எதுக்குடி செக்கு? மொதல்ல வாய்ப்பாட்டை ஒப்பிச்சுக் காட்டு.”

தாய் காசோலையின் ஓரத்தில் குங்குமமிட்டுச் சாமி படத்தின் முன் வைத்தாள். பிற்பகலில் வீடு அயர்ந்திருந்த வேளையில், பள்ளியில் பழகிய சாய்வெழுத்தில், தமக்கையின் பெயரை அடுத்து என் பெயரையும் எழுதினேன். பணத்தில் பாதி எனக்குச் சேரும் என்று உறுதியாக நம்பினேன். விமானத்தில் சன்னலோர இருக்கையும்.

மறுநாள் வங்கிக்குப் புறப்படுமுன், பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாத தந்தை காசோலையைத் தமக்கையிடம் நீட்டினார்.

“பின்னால கையெழுத்துப் போடும்மா. எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்க.”

அவள் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். தலையைத் திருப்பி என்னை நோக்கினாள்.

“சரியாத்தான் இருக்குப்பா” என்று ஒப்பமிட்டாள்.

வங்கி எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “குங்குமம் வச்சீங்க, போவட்டும் ஐயா. வேற மசியில இன்னொரு பேரு எழுதி வச்சிருக்கீங்களே! இத பாரிசுல எவன் வாங்குவான்? திருப்பி அனுப்பிட்டு வேற செக்கு கேளுங்க.”

தந்தை என்னை அடித்த அடியில் விசிறிக்காம்பு முறிந்தது. தமக்கைதான் இடையில் புகுந்து தடுத்தாள். தடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெயும் தடவினாள். மடல்கள் இரு திங்கள் போய்வந்தன. காசோலையிலேயே கைவைக்கும் வீடு தங்களுக்கு ஒத்துவராது என்று மாப்பிள்ளையின் தாய் எழுதியதோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது. தாய் அழுதாள். தமக்கை பயிற்சிக்குத் திரும்பினாள்.

பின்னர்ப் பள்ளியொன்றில் பணியேற்று, முதற்சம்பளத்தில் எனக்குப் புத்தம்புதுப் பாவாடை ஒன்று எடுத்துவந்தாள். அதை உடுத்திக்கொண்டு நின்றபோதும் என் பொறாமை முற்றிலும் தணியவில்லை. அத்தனை பெரிய எழுத்துகளில் எழுதியிருந்த என் பெயரைக்கூடக் காணமுடியாத கண்களை வைத்துக்கொண்டு, இவளை எப்படி ஆசிரியையாகச் சேர்த்தார்கள் என்றே வியந்துகொண்டிருந்தேன்.